எந்த 19? காயில் கடை நோட்டுகளும் ஏஐயும்

கேள்வி:

அண்ணா, வணக்கமுங்க. நம்பியூர் பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடை, அதாவது எரிந்த மோட்டாருக்குப் புதுச் செம்பு ஒயர் சுற்றித் தரும் கடை வைத்திருக்கிறோம். அப்பா 1984-இல் ஆரம்பித்த கடை. அவருக்கு இப்போது 71 வயது. கண் முன்னைப்போல் தெரிவதில்லை, மதியம் வரைதான் கடையில் இருக்கிறார். இதுவரை கட்டிய மோட்டார்களின் கணக்கைப் பதினோரு நீள நோட்டுகளில் எழுதி வைத்திருக்கிறார். அதுபோக என் போனில் போட்டோக்கள், எனக்கு நானே அனுப்பிக்கொண்ட வாட்ஸ்அப் மெசேஜ்கள், கடைச் சுவரில் சாக்பீஸ் எழுத்து என்று ஏகப்பட்டது கிடக்கிறது. ஒரு நோட்டை மட்டும் முன்பு கோபியில் ஒரு டிடிபி சென்டரில் கொடுத்து அடித்து வைத்தோம். அந்த பைலை ஏஐயில் ஏற்றினால் புரியவில்லை என்கிறது.

போன மாதம் 60 பக்கத்தைப் போட்டோ எடுத்து ஏற்றி, எங்கள் 5 எச்பி மோனோபிளாக்குக்கு (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருப்பது) என்ன ஒயர் என்று கேட்டேன். '19 கேஜ், அதாவது 0.91 மில்லிமீட்டர்' என்றது. அப்பாவிடம் சொன்னேன். "பத்தொம்பதுன்னா ஒண்ணு சொச்சமில்ல சாமி இருக்கோணும்" என்று சிரித்துவிட்டார். இன்னொரு பக்கத்தில் 'கோயில்காட்டு மாதிரி, 2 கம்மி' என்று மட்டும் இருக்கிறது. அதற்கு ஏஐ ஒரு பக்கத்துக்குக் கதை சொல்கிறது. எந்தச் செயலியில் ஏற்றினால் சரியாக வரும்? கடையில் புதிதாகச் சேர்ந்த பையனும் பார்த்துக் கட்டும்படி இருக்க வேண்டும்.

– ஒரு வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்:

தம்பி, செயலியைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த 0.91 எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அதற்குள்தான் இருக்கிறது.

ஏஐ உங்கள் அப்பாவின் கையெழுத்தைத் தப்பாகப் படிக்கவில்லை. 19 என்பதை 19 என்றுதான் படித்திருக்கிறது. கோளாறு அதற்கு அப்புறம் நடந்தது. கேஜ் என்பது ஒயரின் தடிமனைச் சொல்லும் எண். நம் ஊர்க் கடைகளில் புழங்குவது எஸ்டபிள்யூஜி என்கிற பிரிட்டிஷ் கேஜ் கணக்கு. அதில் 19 என்றால் 1.016 மில்லிமீட்டர், அப்பா சொன்ன 'ஒண்ணு சொச்சம்' அதுதான். அமெரிக்காவில் ஏடபிள்யூஜி என்று வேறொரு கணக்கு. அதில் 19 என்றால் 0.912. நம் கணக்குக்கு அது கிட்டத்தட்ட 20 கேஜ் ஒயர். நோட்டில் எந்தக் கேஜ் என்று எழுதவில்லை. எழுதாமல் விட்ட இடத்தை ஏஐ தான் வேறெங்கோ படித்ததை வைத்து நிரப்பிக்கொண்டது. ஒரு 'அநேகமாக' கூடச் சேர்க்காமல் நிரப்பியதுதான் எனக்கு எரிச்சல்.

விட்டத்தில் பார்த்தால் பத்தில் ஒரு மில்லிமீட்டர். ஆனால் ஒயரின் குறுக்குவெட்டுப் பரப்பைக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு செம்பு குறைகிறது. அப்படிக் கட்டினாலும் மோட்டார் ஓடும். ஓட ஓடச் சுடும். சித்திரையில் கரும்புக்கு விடிய விடியத் தண்ணீர் விடும்போது எரிந்து, திரும்ப உங்கள் கடை வாசலுக்கே வரும். பழி அப்பாவின் பேருக்கு.

நோட்டு எழுதிய உங்கள் அப்பாவையும் குறை சொல்வதற்கில்லை. அவர் தனக்காக எழுதிக்கொண்டார். அவர் கடையில் ஒரே கேஜ் கணக்குதான், தடிமன் அளக்க ஒரே மைக்ரோமீட்டர் கருவிதான். 'எஸ்டபிள்யூஜி' என்று எதற்கு எழுத வேண்டும்? நான் 22 வருடமாகக் கோவையில் இயந்திரக் கம்பெனிகளுக்குக் கையேடு எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறேன். இதே கதையைப் பட்டறைக்குப் பட்டறை பார்த்திருக்கிறேன். எழுதியவருக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்தான் நோட்டில் இருக்காது.

அந்தக் 'கோயில்காட்டு மாதிரி, 2 கம்மி'யைப் பாருங்கள். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், சரியா என்று நீங்கள்தான் விசாரிக்க வேண்டும். அந்தக் காடு (நம் பக்கம் தோட்டத்தைத்தான் காடு என்போம்) டிரான்ஸ்பார்மரிலிருந்து வெகுதூரத்தில், மின்சார லைனின் கடைக்கோடியில் இருந்திருக்கும். அங்கே வோல்டேஜ் கம்மியாகத்தான் வந்திருக்கும். வோல்டேஜ் குறைந்தால் மோட்டாருக்கு இழுவை வராது. அதற்காக நம் பக்கத்துக் காயில் கடைகளில் சுற்றைக் கொஞ்சம் குறைத்துக் கட்டுவது வழக்கம்தானே? '2 கம்மி' என்றால் காயிலுக்கு 2 டர்ன், அதாவது 2 சுற்று, குறைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

இது தெரியாத புதுப் பையன், டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்துத் தோட்டத்து மோட்டாரையும் 2 டர்ன் குறைத்துக் கட்டினால் என்ன ஆகும்? வோல்டேஜ் முழுசாக வரும் இடத்தில் சுற்றைக் குறைத்தால் சும்மா ஓடும்போதே ஆம்ப்ஸ் (மின்னோட்டம்) ஏறும், மோட்டார் முனகும், சூடாகும். இன்னொன்று, அதே கோயில்காட்டுக்கே பிற்பாடு புது டிரான்ஸ்பார்மர் வந்திருக்கலாம். வந்திருந்தால் அந்தக் குறிப்பு இன்று தப்பு. தேதி இல்லாததால் தப்பா சரியா என்று பார்க்கவும் வழியில்லை. பையனுக்கு வரும் இந்தச் சங்கடம்தான் ஏஐக்கும். என்ன, பையன் முழிப்பான், நமக்குத் தெரிந்துவிடும். ஏஐ முழிக்காது.

அதனால் உங்கள் குறிப்புகளை நான் எழுதினால் எப்படி எழுதுவேன் என்று ஒன்றைக் காட்டுகிறேன். எண்களை நான் சும்மா மாதிரிக்குப் போட்டிருக்கிறேன், இதைப் பார்த்து யாரும் காயில் கட்டிவிட வேண்டாம்:

"5 எச்பி மோனோபிளாக், 3 பேஸ், 24 ஸ்லாட் (ஒயர் இறங்கும் பள்ளம்), 2880 வேகம். எனாமல் செம்பு ஒயர், 19 எஸ்டபிள்யூஜி (மைக்ரோமீட்டரில் 1.016 மிமீ). கம்பெனிக் கட்டு 34 டர்ன். நாம் கட்டியது 32. காரணம்: லைன் கடைசி, ஓடும்போது 390 வோல்ட்தான் வருகிறது. 1997 ஏப்ரலில் அப்பா கட்டியது. 2003 வரை திரும்ப வரவில்லை. வோல்டேஜ் சரியாக இருக்கும் இடத்துக்கு இது ஆகாது. மூலம்: நோட்டு 4, பக்கம் 37, காரணத்தை அப்பா வாயால் சொன்னது."

பாருங்கள், நோட்டில் ஒரு வரி. இங்கே ஒன்பது வரி. கூடுதலாக வந்ததெல்லாம் அலகு, தேதி, காரணம், பலன், எங்கே ஆகாது, யார் சொன்னது. 'திரும்ப வரவில்லை' என்பது என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிய தகவல். கட்டியது சரிதான் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? அப்புறம், 'மேலே சொன்ன மாதிரி', 'போன தடவை போட்டதே' என்பதெல்லாம் கூடாது. ஏஐ செயலிகள் பெரிய கோப்பைப் பல சமயம் துண்டு துண்டாக நறுக்கி, கேள்விக்குப் பொருந்தும் துண்டை மட்டும் எடுத்துப் படிக்கும். 'மேலே' என்பது அந்தத் துண்டில் இருக்காது. ஒவ்வொரு குறிப்பும் தன் காலில் நிற்க வேண்டும்.

அடுத்தது அடுக்குவது. எல்லோரும் முதலில் போல்டர் போட ஆரம்பிப்பார்கள். நானும் போட்டேன். வருடங்களுக்கு முன் ஒரு வார்ப்படப் பட்டறையில் (பேர் வேண்டாம்) நாலு மாதம் உட்கார்ந்து அவர்களுடைய பழைய குறிப்புகளை எல்லாம் ஸ்கேன் செய்து, போல்டருக்குள் போல்டராக அழகாக அடுக்கிக் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்துப் போனால் போர்மேன் பழையபடி அழுக்கு நோட்டைத்தான் புரட்டிக்கொண்டிருந்தார். "உங்க கம்ப்யூட்டர்ல தேடறதுக்குள்ள காஸ்டிங் ஆறிப்போயிருதுங்க" என்றார். தப்பு என்னுடையது. வாடிக்கையாளர் பேரில் போல்டர் போட்டிருந்தேன். அவர் தேடியது உலோகக் கலவையை வைத்து.

உங்களுக்கும் அதே வம்பு வரும். ஒரு மோட்டார் '5 எச்பி' போல்டரிலா, 'மோனோபிளாக்' போல்டரிலா, 'நம்பியூர்' போல்டரிலா? இந்தச் சிக்கலை நம் சீர்காழிக்காரர் ஒருவர் எப்போதோ அவிழ்த்துவிட்டார். எஸ்.ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். ஒரு புத்தகத்தை ஒரே பொந்துக்குள் திணிக்காதே, அதன் பல முகங்களைத் தனித்தனியாகக் குறித்துச் சேர் என்பது 1933-இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையின் அடிப்படை. லண்டன் கடையொன்றில், துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டும் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்தபோது இந்த யோசனை வந்தது என்பார்கள். அவர் சொன்ன முகங்கள் ஐந்து: எந்தப் பொருள், எதனால் ஆனது, என்ன வேலை நடந்தது, எங்கே, எப்போது. உங்கள் கடைக்குப் போட்டுப் பாருங்கள். எந்த மோட்டார், என்ன ஒயர், என்ன கட்டு, எந்த ஊர்க் காடு, எந்த வருடம். அளவெடுத்துத் தைத்த மாதிரி இல்லையா?

ஆகவே போல்டரே வேண்டாம். கூகுள் ஷீட்டோ எக்செல்லோ, ஒரே ஒரு அட்டவணை. மோட்டாருக்கு ஒரு வரி, முகத்துக்கு ஒரு பத்தி. எச்பி, பேஸ், ஸ்லாட், கோர் நீளம், ஒயர், கேஜ், டர்ன், பிட்ச், ஊர், வருடம், காரணம், பலன், நோட்டு எண், பக்க எண். பையன் போனில் 5 எச்பி, 24 ஸ்லாட் என்று பில்டர் (வடிகட்டி) போட்டால் வந்து நிற்கும். இதற்கு ஏஐ தேவையே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருக்கிற எண்ணை எடுத்துத் தர பில்டர் போதும், அது கதை சொல்லாது. 'இதே ஊரில் இரண்டாம் தடவை எரிந்து வந்த மோட்டார்களில் பொதுவாக என்ன இருக்கிறது' என்பது மாதிரிக் கேள்விக்கு ஏஐயைக் கூப்பிடுங்கள்.

பதினோரு நோட்டையும் முதல் பக்கத்திலிருந்து ஏற்ற உட்காராதீர்கள். மூன்றாவது நோட்டில் கை ஓய்ந்துவிடும். இன்று கடைக்கு எந்த மோட்டார் வருகிறதோ, அதற்காக அப்பா எந்தப் பக்கத்தைப் புரட்டுகிறாரோ, அந்தப் பக்கத்தை மட்டும் இன்று ஏற்றுங்கள். ஒரு கோடை முடிவதற்குள் உங்கள் பக்கத்தில் உண்மையாக ஓடுகிற மோட்டார்களெல்லாம் அட்டவணைக்கு வந்துவிடும். வராதது அநேகமாக இனி வராத மோட்டார். சுவர் எழுத்தை மட்டும் உடனே போட்டோ எடுத்துவிடுங்கள். பொங்கலுக்கு யாராவது வெள்ளையடித்துவிடுவார்கள்.

எண்களை நீங்களே கையால் அடியுங்கள். போட்டோவிலிருந்து ஏஐயைப் படிக்கச் சொல்லலாம், ஆனால் ஒவ்வொரு எண்ணையும் பக்கத்தோடு வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். கிரீஸ் விரல் பட்ட பக்கத்தில் 1-ம் 7-ம், 3-ம் 8-ம் ஒரே மாதிரி இருக்கும். படிக்க முடியாத எண்ணை ஏஐ தெரியவில்லை என்று விடாமல் ஏதோ ஒன்றை எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. நோட்டுகளை எடைக்குப் போட்டுவிட வேண்டாம். முதுகில் 1 முதல் 11 வரை எண் ஒட்டி அலமாரியில் வையுங்கள். சந்தேகம் வந்தால் தீர்ப்பு நோட்டுடையதுதான்.

டிடிபி சென்டர் பைல் ஏன் புரியவில்லை என்றால், அது யூனிகோடு (எந்தக் கணினியிலும் தமிழைத் தமிழாகவே காட்டும் முறை) வருவதற்கு முந்தைய பாமினி மாதிரியான எழுத்துருவில் அடித்ததாக இருக்கும். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில்தான் அது தமிழ். உள்ளே இருப்பது வெறும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். ஏஐக்கு அந்தக் குப்பைதான் தெரிகிறது. யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் ஒரு தடவை படித்துப் பாருங்கள். பத்துப் பக்கத்துக்கு ஒரு கொம்பு இடம் மாறி உட்கார்ந்திருக்கும்.

இப்போது ஏஐக்கு. அட்டவணையோடு ஒரே ஒரு பக்கத்துக்கு 'முதலில் படிக்க' என்று ஒரு கோப்பு எழுதி வையுங்கள். எங்கள் கடையில் கேஜ் என்றால் எப்போதும் எஸ்டபிள்யூஜி. எண் கூடினால் ஒயர் மெலிசு. 'பாலி', 'பாலி ஒயர்', 'சப்மெர்சிபிள் ஒயர்' மூன்றும் ஒன்று. 19-க்குப் பதில் 22 இரண்டு போட்டிருந்தால் அது தப்பில்லை, ஒயர் கிடைக்காதபோது பரப்பு ஏறக்குறைய சமமாக வருவதால் போட்டது. 'கம்மி' என்றால் டர்ன் குறைத்தது. கோயில்காடு எங்கே இருக்கிறது. இப்படி. கடைசியில் அழுத்தமாக இரண்டு வரி: 'அட்டவணையில் இல்லாத எண்ணை நீயாகச் சொல்லாதே, இல்லை என்று சொல். ஒவ்வொரு எண்ணுக்கும் நோட்டு, பக்கம் சொல்.' புதிதாகத் தொடங்கும் பேச்சில் உங்கள் கடை வழக்கம் அதற்கு ஞாபகம் இருக்கும் என்று நம்பாதீர்கள், இந்தப் பக்கத்தை முதலில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். இதே பக்கத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினால் பையனுக்கும் ஆயிற்று. அவனுக்குப் புரியாத வரி ஏஐக்கும் புரியாது என்று வைத்துக்கொண்டு திருத்துங்கள்.

இவ்வளவும் செய்தபின் எந்தச் செயலி என்பது பெரிய விஷயமாக இருக்காது. கூகுளின் நோட்புக்எல்எம் நாம் ஏற்றியதை அடிப்படையாக வைத்துப் பதில் சொல்லி, எந்த இடத்திலிருந்து எடுத்தது என்றும் காட்டும். உங்கள் தேவைக்கு அதில் ஆரம்பிக்கலாம். சாட்ஜிபிடி, கிளாட், ஜெமினி எதுவானாலும் பரவாயில்லை. நாளைக்கு வேறொன்று வந்தால் அட்டவணையை அப்படியே எடுத்துக்கொண்டு போகும்படி வைத்திருந்தால் போதும். மாதம் ஒரு தடவை பென்டிரைவில் ஒரு பிரதி.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. அப்பா நோட்டில் காயில் கணக்குக்குப் பக்கத்திலேயே யார் எவ்வளவு பாக்கி, போன் நம்பர் எல்லாம் இருக்கும், இல்லையா? முழுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து ஏற்றினால் அதுவும் சேர்ந்து போகும். ஏற்கெனவே ஏற்றிய 60 பக்கத்தை அழித்துவிடுங்கள். இனி எடுக்கும்போது அந்த ஓரத்தை ஒரு அட்டையால் மறைத்துக்கொள்ளுங்கள். அட்டவணையில் ஆள் பேர் வேண்டாம், காட்டின் பேர் போதும். நம் பக்கம் காட்டைச் சொன்னாலே ஆளைத் தெரிந்துவிடும் என்பது வேறு.

நோட்டு ஓடிப்போகாது. அப்பா மதியம் வரைதான் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் மனதில் நின்றது. கோவையில் 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி. நாயுடுவும் மோட்டார் செய்து காட்டியதிலிருந்து இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் எத்தனை மாதிரி மோட்டார் வந்திருக்கும்! பாதிக்குப் பெயர்த்தகடே இருக்காது. அவற்றின் கணக்கு எந்த இணையத்திலும் கிடையாது, உங்கள் நோட்டில்தான் உண்டு. ஏன் அப்படிக் கட்டினார் என்கிற காரணம் அப்பாவிடம்தான் உண்டு. "எல்லாத்தையும் சொல்லுங்கப்பா" என்று உட்கார வைத்தால் எவரும் சொல்ல மாட்டார்கள். பிரித்த மோட்டார் முன்னால் இருக்கும்போது, காலை டீக்குப் பிறகு, போனில் பதிவைப் போட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இதை ஏனுங்கப்பா இப்படிக் கட்டுனீங்க?" கம்ப்ரசரை மட்டும் நிறுத்திவிடுங்கள். பேச்சை எழுத்தாக்கும் செயலிகளுக்கு அந்தச் சத்தமும் சேராது, 'இருக்கோணும்' 'கட்டோணும்' என்கிற நம் பேச்சும் சரியாக வராது. எழுத்தானதை நீங்கள் ஒரு தடவை கேட்டுத் திருத்த வேண்டியிருக்கும். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் போதும்.

முதல் கேள்வியாக அந்தக் கோயில்காட்டையே கேளுங்களேன். '2 கம்மி' என்பது வோல்டேஜுக்காகக் குறைத்த டர்ன்தானா, இல்லை நான் 22 வருட அனுபவத்தில் ஏஐ மாதிரியே கதை விட்டிருக்கிறேனா என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.